சேர்வராயன் மலைக் குளிர்ச்சியின் கணக்கு

சேலம் நகருக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலையின் தோட்ட வரலாறு, உயரத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவின் மீது கட்டப்பட்டதாகும். மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைவித்துவந்த அம்மலையில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காபியையும் பழமரங்களையும் பயிரிடச் செய்தார். ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தின் வெயிலுக்கு ஒவ்வாத அராபிகா காபி, அம்மலைமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் செழித்ததற்கு, 1,000 மீட்டர் ஏற்றத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் காற்றின் வெப்பநிலை குறைவது முதன்மையான காரணமாகும். காக்பர்னின் முயற்சிக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1817இல், அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் ஒரே சராசரி வெப்பம் கொண்ட இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் சமவெப்பக் கோட்டுப் படத்தை வெளியிட்டிருந்தார்.

ஆயினும் மலையின் வெப்பநிலை உயரத்தை மட்டும் பொறுத்ததன்று, பொழுதையும் பொறுத்தது. இவ்வாறு பல மாறிகளைச் சார்ந்த ஓர் அளவில், ஒரு மாறியை மட்டும் மாறவிட்டு, மற்றவற்றை நிலையாக நிறுத்திக் காணும் மாறுவீதமே பகுதி வகைக்கெழு எனப்படும். மேற்கூறிய 6.5 டிகிரி, பொழுதை நிறுத்தி உயரத்தை மட்டும் மாற்றிக் கண்ட வீதமாதலால் அவ்வகையைச் சேர்ந்தது. ஓர் அளவு சார்ந்திருக்கும் மாறியே வேறொன்றைச் சார்ந்து மாறும்போது மாறுவீதங்களைப் பெருக்கி இணைக்கும் சங்கிலி விதி 1676இல் லைப்னிட்ஸின் குறிப்புகளில் காணப்படுகிறது. 1747இல் டாலம்பேர் அதிரும் கம்பியின் இயக்கத்தைப் பகுதி வகைக்கெழுக்கள் கொண்ட சமன்பாட்டால் விளக்கினார். இன்று பகுதி வகைக்கெழுவைக் குறிக்கும், வளைந்த 'டி' போன்ற குறியை 1770இல் கொண்டோர்சேயும் 1786இல் லெஜாந்தரும் கையாண்டனர். 1841இல் யாக்கோபி அதை மீட்டெடுத்த பின்னரே அது நிலைபெறலாயிற்று.

பல மாறிகளுக்கான சங்கிலி விதியின் பொருளை மலையேறுவோரைக் கொண்டு தெளியலாம். மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறும் ஒருவரை எண்ணுக. காலை வெயிலால், ஓரிடத்தில் நின்றால் மணிக்கு 2 டிகிரி வெப்பம் கூடுகிறது எனக் கொள்க. உயரத்தால் வரும் மாற்றம், 6.5ஐ 0.4ஆல் பெருக்க, மணிக்கு 2.6 டிகிரி குறைவு. பொழுதால் வரும் மாற்றம் 2 டிகிரி கூடுதல். இரண்டையும் கூட்ட, அவர் உணரும் குறைவு மணிக்கு 0.6 டிகிரி மட்டுமே. மாலையில் அதே வேகத்தில் ஏறுபவருக்குப் பொழுதும் 2 டிகிரி குறைப்பதாகக் கொண்டால், குறைவு மணிக்கு 4.6 டிகிரியாகிறது. தோட்டத்தில் நிலையாக நிறுத்திய வெப்பமானியும் ஏறுபவர் கையிலுள்ள வெப்பமானியும் வெவ்வேறு வீதங்களைக் காட்டுவது இதனாலேயே. எதை நிலையாக நிறுத்தினோம் என்று சொல்லாத பகுதி வகைக்கெழு பொருளற்றுப் போவதும் இதனாலேயே.

நடந்தும் குதிரையிலும் ஏறியோர் பல மணி நேரத்தில் கடந்த ஏற்றத்தை, இன்று 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேலம் சாலையில் வாகனங்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடக்கின்றன. மணிக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டராக உயர்ந்ததால், காலை வெயிலின் 2 டிகிரியைக் கழித்த பின்னும் பயணி உணரும் குறைவு 5.8 டிகிரியாகிறது. மலை குளிரும் வீதம் மாறவில்லை; மாறியது ஏறும் வேகமே.