நிறைக்கோட்டின் வரலாறு: குழந்தை வளர்ச்சியும் வர்க்க நோக்கும்

குழந்தை வளர்வது இயற்கையின் செயல். அவ்வளர்ச்சியைத் தராசில் இட்டு, மாதந்தோறும் புள்ளியிட்டுக் கோடாக வரைவதோ வரலாற்றின் குறிப்பிட்டதொரு கட்டத்தில் தோன்றிய வழக்கமாகும். நமது நாட்டிலும் தாய்மாரிடம் கையளிக்கப்படும் சுகாதாரப் பதிவேட்டில் இக்கோடு இடம்பெற்றுள்ளது. அதனை நடுநிலையான விஞ்ஞானக் கருவியென ஏற்பதற்கு முன்னர், யாருடைய குழந்தை அளவுகோலாயிற்று என்னும் வினாவை எழுப்புதல் அவசியமாகின்றது.

வளர்ச்சியைப் பதிவுசெய்யும் முயற்சியின் தொடக்கத்தில் ஒரு பிரபுவின் இல்லமே நிற்கின்றது. பிரான்சியப் பிரபுவான மொன்பெயார் 1759 முதல் 1777 வரை தம் மகனின் உயரத்தைத் தொடர்ந்து அளந்துவந்தார். அவ்வளவீடுகளை இயற்கையியலாளர் பூஃபோன் தமது நூற்றொகுதியிற் சேர்த்து வெளியிட்டார். 1835இல் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்தலே ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தார். தனிக் குழந்தையை ஒரு பொது அளவுடன் ஒப்பிடுவதற்கான கருத்தியல் அடிப்படை இவ்வாறு உருவாயிற்று.

எனினும் உழைக்கும் மக்களின் குழந்தைகள் தராசுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாகும். 1870–71 யுத்தத்தில் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்சில் பிறப்பு வீதமும் குறைந்திருந்தது. நாளைய போர்வீரரும் தொழிலாளரும் அருகிவிடுவர் என்ற அச்சம் ஆளும் வர்க்கத்தை ஆட்கொண்டது. இச்சூழலிலே, 1892இல் பியர் புதேன் பாரிசின் ஷாரிதே வைத்தியசாலையில் கைக்குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். 1894இல் லெயோன் துஃபூர் ஃபெக்காம் துறைமுக நகரில் ‘பாற்றுளி’ என்னும் பெயருடைய நிலையத்தை நிறுவினார். குழந்தைகள் ஒழுங்காக நிறுக்கப்பட்டனர், தாய்ப்பால் ஊக்குவிக்கப்பட்டது, அது இயலாதவிடத்துக் கிருமிநீக்கிய பால் வழங்கப்பட்டது. இம்மருத்துவர்களின் மனிதாபிமானம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அவர்தம் பணிக்குக் கிடைத்த ஆதரவை அக்காலத் தேசிய அச்சத்திலிருந்து பிரித்து நோக்க முடியாது.

பிரித்தானியாவிலும் இதே போக்கினைக் காணலாம். 1899–1902 போயர் யுத்தத்திற்கு முன்வந்த இளைஞர் பலர் உடற்றகுதி அற்றோரென விலக்கப்பட்டனர். மக்களின் உடல்நலிவு பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழு 1904இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1906இல் சிசு மரணம் பற்றி நூலெழுதிய ஜோர்ஜ் நியூமன் அதனைப் பிரதானமாகத் தாய்மை பற்றிய பிரச்சினையாகவே கண்டார். 1907இல் இலண்டன் சென் பங்கிராஸ் பகுதியில் ‘தாய்மார் பாடசாலை’ தோன்றிற்று. கூலியும் குடியிருப்பும் பின்தள்ளப்பட, தாயின் அறியாமை முன்னிலைக்கு வந்தது. இதற்குத் தக்க மறுப்பாக அமைந்தது, பேபியன் பெண்கள் குழுவினர் 1909 முதல் 1913 வரை லாம்பெத் பகுதியில் நடத்திய ஆய்வாகும். வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண் வருவாயில் வாழ்ந்த குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளை மோட் பெம்பர் ரீவ்ஸ் 1913இல் நூலாக வெளியிட்டார். வாடகை, நிலக்கரி, ஈமச்சடங்குக் காப்புறுதி ஆகியன போக எஞ்சிய சில்லறையைக் கொண்டு எத்துணைச் சிக்கனமுள்ள தாயும் பிள்ளைகளுக்குப் போதிய உணவளித்தல் இயலாது என்பதை அக்கணக்குகளே நிறுவின.

தராசு காட்டும் எண்ணை வாசிப்பதற்கும் ஒரு முறையுண்டு. பிறந்த சில நாட்களில் குழந்தையின் நிறை சிறிது குறைவது இயல்பு. இரண்டு வாரமளவில் அது மீளும், ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் பிறப்பு நிறை இருமடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். ஆகவே ஒருநாள் நிறையைக் காட்டிலும் பல மாதங்களின் போக்கே பொருளுடையது. 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமெசி-இலே என்னும் ஊரிற் பணியாற்றிய மருத்துவர் டேவிட் மோர்லி இவ்வுண்மையை எளிய அட்டையொன்றில் வெளிப்படுத்தினார். அவ்வட்டை வைத்தியசாலை அலுமாரியில் அன்றித் தாயின் கையிலேயே இருந்தது. கோடு மேலேறினால் நலம், கிடையாக ஓடினால் எச்சரிக்கை, இறங்கினால் ஆபத்து. எழுத்தறியாத தாயும் வாசிக்கக்கூடிய அறிவாக நிறைக்கோடு மாறியமை முற்போக்கானதொரு திருப்பம் எனலாம்.

ஆயின் இத்தகைய அட்டைகளில் ஒப்பீட்டுக்கென அச்சிடப்படும் கோடுகள் யாருடையவை? 1978 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவை, 1977இல் அமெரிக்காவில் வெளியானவை. அவற்றுட் கைக்குழந்தைகளுக்குரிய தரவுகள் ஒஹையோ மாநிலத்தில் 1929 முதல் 1975 வரை திரட்டப்பட்டன. அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் வெள்ளையின நடுத்தர வர்க்கத்தினர், போத்தற்பால் அருந்தியோர். தாய்ப்பால் அருந்தும் குழந்தையோ முதல் இரண்டு மூன்று மாதங்களில் விரைவாகவும் பின்னர் நிதானமாகவும் நிறை கூடும். போத்தற்பாற் குழந்தையின் கோட்டுடன் ஒப்பிட்டபோது, ஆரோக்கியமான அக்குழந்தை நாலாம் ஐந்தாம் மாதத்தின் பின் பின்தங்கியதாகத் தோன்றிற்று. ‘பால் போதவில்லை’ என்ற ஐயம் தாயின் மனத்தில் எழ, பால்மாத் தகரம் வீட்டினுட் புக வழி பிறந்தது. தூய நீரும் எரிபொருளும் அரிதான வீடுகளில் அதன் விளைவு வயிற்றோட்டமும் மரணமுமாகும். 1981இல் பால்மா விற்பனைக்கான சர்வதேச ஒழுக்கக்கோவை உலக சுகாதாரப் பேரவையில் நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா என்பது நினைவுகொள்ளத்தக்கது.

இக்கோடுகளின் குறைபாடு ஏற்றுக்கொள்ளப்பட்டதன் பயனாக, 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகள் ஆராயப்பட்டனர். தாய்ப்பாலூட்டலும், வளர்ச்சியைத் தடுக்காத வாழ்க்கைச் சூழலும் தெரிவுக்கான நிபந்தனைகளாயிருந்தன. 2006இல் இதன் அடிப்படையில் புதிய நியமங்கள் வெளியாயின. வாழ்க்கை வசதி ஒத்திருந்தவிடத்து, ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஐந்து வயதுவரை ஏறத்தாழ ஒரே வகையாகவே உயர்ந்தனர். இனத்தின் இயல்பு என்று கூறப்பட்டுவந்த வேறுபாட்டின் பெரும்பகுதி வாழ்நிலையின் வேறுபாடே என்பது இதனால் தெளிவாயிற்று.

இம்முடிவு நமக்கு நேரடியான பொருளுடையது. களுத்துறையில் 1926இல் நிறுவப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவு தொடக்கம், வீடுதேடிச் செல்லும் மருத்துவமாதின் சேவை இலங்கையின் சிசு மரணத்தைக் குறைப்பதில் ஆற்றிய பங்கு பெரிது. ஆயினும் மலையகத் தோட்டங்களில் 2,500 கிராமுக்குக் குறைவான நிறையுடன் பிறக்கும் குழந்தைகளின் விகிதமும், வளர்ச்சி குன்றியோரின் விகிதமும் நாட்டுச் சராசரியிலும் உயர்ந்தனவாகவே பதிவாகி வந்துள்ளன. ‘தோட்டத்துப் பிள்ளைகள் இயல்பிலேயே சிறியவர்கள்’ என்ற சமாதானம் இனிச் செல்லாது. கர்ப்பகாலத்திலும் கொழுந்துக்கூடை சுமக்கும் பெண்ணின் உழைப்பு, அவளது கூலி, உணவு, லயன் அறையின் நெருக்கடி ஆகியவற்றிலேயே அதற்கான காரணம் தேடப்படல் வேண்டும். தாய்க்குப் போதனை செய்வது மட்டும் இங்கு போதாது. நிறைக்கோட்டைக் கூலிப் பட்டியலுடன் அருகருகே வைத்து வாசிக்கும்போதே அது தன் முழுப் பொருளையும் தரும். அவ்வாசிப்பு மருத்துவருக்கு மட்டுமன்றிச் சமூக ஆய்வாளருக்கும் உரிய கடமையாகும்.