மருந்து வந்த பாதை – 9: சேத்துப்பட்டு வீடுகளில் ஒரு சோதனை

1912. பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக்கழகம். ஹன்ஸ் மேயர், ஜோசப் மாலி என்ற இருவர் ஒரு வேதிப்பொருளைத் தயாரித்தார்கள், கட்டுரையாக எழுதினார்கள், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். காசநோய் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. பிற்பாடு ஐசோநையாசிட் என்று பெயர் பெற்ற அந்தப் பொருள், சுமார் 40 வருஷம் காகிதத்திலேயே தூங்கியது. அத்தனை வருஷமும் உலகம் இருமி இருமிச் செத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

போன வாரம் பார்த்த காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-ல் கண்டுபிடித்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சில மாதங்களில் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட, பலர் மறுபடி படுத்தார்கள். ஸ்வீடன்காரர் லேமன் தந்த 'பாஸ்' மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கிருமி தப்பும் வழி அடைபட்டது.

ஐசோநையாசிட் விழித்ததும் ஒரு தற்செயல்தான். ரோஷ் கம்பெனியின் வேதியியலாளர்கள் வேறொரு மருந்தைச் செய்யப் போனார்கள். வழியில் உண்டான இடைப்பொருளையும் சும்மா சோதித்துப் பார்க்க, அதுவே காசக்கிருமியை அடித்துப் போட்டது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை! அதே சமயத்தில் ஸ்குயிப், பேயர் கம்பெனிகளும் தனித்தனியே அதே பொருளிடம் வந்து சேர்ந்தன. காப்புரிமை யாருக்கு? யாருக்குமில்லை. 1912-லேயே அச்சாகிவிட்ட சரக்கு அது. அதனால்தான் விலை மலிவாக இருந்தது. 1952-ல் நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனை வார்டில் இந்த மருந்தால் தேறிய நோயாளிகள் ஆடிப்பாடிய படம் பத்திரிகைகளில் வந்தது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் கதையில் பாதிதான் முடிந்திருந்தது. காசம் என்றால் சானடோரியம், படுக்கை, ஓய்வு, பால், முட்டை என்பதே அன்றைய வைத்திய சாஸ்திரம். அத்தனை பேருக்குக் கட்டில் போட இந்தியா எங்கே போகும்? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா? கேட்கச் சுலபமான கேள்வி; பதிலுக்கு ஒரு சோதனை தேவைப்பட்டது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டவர்கள் 193 பேர். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை டாக்டரின் இரக்கத்துக்கு விடாமல் குலுக்கல் மாதிரி பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஐசோநையாசிட்டும் பாஸும்தான், ஒரு வருஷம். பாஸ் லேசுப்பட்டதல்ல: தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். வீட்டுக்காரர்கள் அதைச் சாக்கடையில் கொட்டவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் போலீஸ் வேலைதான். ஆனால் இது இல்லாமல் அந்த முடிவை யார் நம்பியிருப்பார்கள்?

1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான ஒற்றை அறை, அரைவயிற்றுச் சோறு, முழு ஓய்வும் கிடையாது. அப்படியும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியத்துக்காரர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். சானடோரியத்தில் எடை கூடுதலாக ஏறியது வாஸ்தவம். கிருமியை அடக்கியது மருந்துதான். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்றிவிடுமே என்ற பயம் மிச்சமிருந்தது. அவர்களையும் 5 வருஷம் பின்தொடர்ந்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை.

உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது வேறு வேலைக்கு மாறின. டேவிட் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இன்று நெஞ்சக நோய் மருத்துவமனை. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடற்கரை வண்டியில் தினமும் அங்கே இறங்குகிறவர்கள், "சானடோரியம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் நகர்கிறார்கள்.