கொச்சி யூதர்களின் எபிரேய நூல்கள்

கொச்சி யூதர்களின் எபிரேய நூல்கள் என்பன, கேரளத்தின் கொச்சி, பரவூர், சேந்தமங்கலம் முதலிய ஊர்களில் வாழ்ந்த யூதச் சமூகத்தினர் எழுதியும், படியெடுத்தும், கடல் கடந்து வரவழைத்தும் பேணிய சமய நூல்களாகும். தோரா சுருள்கள், வழிபாட்டு நூல்கள், சமயப் பாடல்கள், ரபிகளுடனான மடல்கள் ஆகியன இவற்றுள் அடங்கும். ரபி என்பவர் யூதச் சமயச் சட்டத்தைக் கற்றுத் தேர்ந்து தீர்ப்பு வழங்கும் அறிஞர். கொச்சியில் முறைப்படி பட்டம் பெற்ற ரபிகள் பெரும்பாலும் இருந்ததில்லை. எனவே அவர்களின் இடத்தை இங்கே பெருமளவு நூல்களும் மடல்களுமே நிரப்பின எனலாம்.

பின்னணி

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அது எபிரேய ஆவணம் அன்று. இந்தியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு, சேந்தமங்கலத்தில் உள்ள 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஆகும். கொச்சி அரசர் ஏற்ற யூதத் தலைவர் 'முதலியார்' எனப்பட்டார். தமிழகத்தில் இச்சொல் சாதிப் பெயராக வழங்குவதால் குழப்பம் நேரலாம். இங்கு அது பதவிப் பெயர் மட்டுமே.

கெய்ரோவுக்குச் சென்ற கேள்வி

கொச்சியில் தம்மைத் தூய வழியினராகக் கருதிய ஒரு பிரிவினர், ஏனைய யூதரை அடிமை வழியினர் என்று கூறி மணவுறவை மறுத்து வந்தனர். 16ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல் கெய்ரோவில் வாழ்ந்த புகழ்பெற்ற ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் கேள்வியாக அனுப்பப்பட்டது. முறைப்படி நீராட்டுச் சடங்கு நிகழ்த்தியபின் அவர்களுடன் மணவுறவு கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். அவருடைய மாணவர் யாக்கோபு காஸ்திரோவும் அவ்வாறே கூறினார்.

தீர்ப்பு நூலில் இருந்தது, நடைமுறைக்கு வரவில்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக் கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினராகக் கருதப்பட்டோர் ஏனையோருடன் சமமாக அமர 20ஆம் நூற்றாண்டிலும் இடம் தரப்படவில்லை. அப்பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சலேம் (1882–1967) தொழுகைக் கூடத்திலேயே சத்தியாக்கிரக முறையில் போராடினார். அவருடைய மகன் 1950இல் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணம் கொச்சியில் அன்றி பம்பாயில் நடந்தது. கெய்ரோ மடலுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 400 ஆண்டுகள்.

ஆம்ஸ்டர்டாம் தொடர்பு

1662இல் போர்த்துக்கேயர் யூதத் தெருவைத் தாக்கித் தொழுகைக் கூடத்துக்குத் தீயிட்டதில் நூல்களும் அழிந்தன. மறு ஆண்டு ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றினர். 1686இல் மோசே பெரெய்ரா டி பைவா தலைமையில் ஆம்ஸ்டர்டாம் யூதர் குழு ஒன்று கொச்சிக்கு வந்தது. அவர் எழுதிய அறிக்கை 1687இல் அச்சாயிற்று. அதன்பின் எபிரேய நூல்கள் கப்பல்களில் வரலாயின.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகரான எசக்கியேல் ரகாபி (1694–1771) இத்தொடர்பை வளர்த்தவர். கொடுங்கல்லூரை யூதர் 'சிங்களி' என்றனர். சிங்களி வழக்கப்படியான வழிபாட்டு நூல் 1757இலும் 1769இலும் ஆம்ஸ்டர்டாமில் அச்சிடப்பட்டது. கொச்சிப் புலவர் நெகேமியா மோத்தாவின் எபிரேயப் பாடல்களும் இவ்வழிபாட்டில் இடம்பெறுகின்றன. அவருடைய கல்லறை மட்டாஞ்சேரியில் இன்றும் உள்ளது. பிற சமயத்தாரும் அங்கே விளக்கேற்றுவர்.

கொழும்பில் ஒல்லாந்தரின் இறையியல் பள்ளியில் பணியாற்றிய வான் டோர்ட் என்பவர் கொச்சியில் இருந்தபோது குர்ஆனை ஒல்லாந்து மொழியிலிருந்து எபிரேயத்தில் பெயர்த்தார் என்று கருதப்படுகிறது. அதன் கையெழுத்துப் படி வாசிங்டனில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ளது.

செந்நிறத் தோல் சுருள்

பழுதடைந்த தோரா சுருளை எறிதலும் எரித்தலும் யூத மரபில் தகாதன. அதைத் தனியே ஒதுக்கி வைப்பர், அல்லது புதைப்பர். ஈரக்காற்றும் கறையானும் போக எஞ்சியவையும் இவ்வாறு மண்ணுக்குள் சென்றதால் மிகப் பழைய படிகள் அரிதாயின.

கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1806 முதல் மலபாரில் பயணம் செய்து எபிரேயக் கையெழுத்துப் படிகளைத் திரட்டினார். மலபார்க் கருப்பு யூதரின் தொழுகைக் கூடமொன்றில் கிடைத்த தோரா சுருள் அவற்றுள் தலையாயது. செந்நிறம் ஏற்றிய 37 ஆட்டுத்தோல்களைத் தைத்துச் செய்த அது ஏறத்தாழ 48 அடி நீளம் உடையது. லேவியராகமமும் உபாகமத்தின் பெரும்பகுதியும் அதில் இல்லை. இத்தொகுப்பு கேம்பிரிட்ச் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தது. தாமஸ் யேட்ஸ் இச்சுருளை அச்சுப் பாடத்துடன் ஒப்பிட்டு 1812இல் நூல் வெளியிட்டார்.

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தமிழ் நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோதும், அவை சென்னையில் 1994இல் தொடங்கிய நூலகத்தில் தங்கின. கொச்சியின் கையெழுத்துப் படிகளைக் காண விரும்பும் மாணவரோ பெரும்பாலும் இங்கிலாந்துக்கோ இசுரேலுக்கோதான் செல்ல வேண்டும்.

பெண்களின் ஏடுகள்

1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இசுரேலில் குடியேறினர். அவர்களுடன் பெண்கள் தம் கையால் எழுதிய மலையாளப் பாட்டு ஏடுகளும் சென்றன. விவிலியக் கதைகளும் திருமணப் பாடல்களும் நிறைந்த இவற்றை ரபிகளின் உலகம் நெடுங்காலம் நூலாகவே எண்ணவில்லை. ஸ்கரியா சக்கரியா முதலியோர் தொகுத்த 'கார்குழலி' 2005இல் எருசலேமில் மலையாளத்திலும் எபிரேயத்திலும் வெளியானது.