இதய ஹார்மோன்களும் இரத்தக் கொழுப்பும்
இதயம் இரத்தத்தை இறைப்பதோடு ஹார்மோன்களையும் சுரக்கிறது. 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் எலி இதயத்தின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். சில நிமிடங்களில் சிறுநீரும் உப்பும் மிகுதியாக வெளியேறின. இதற்குக் காரணமான ஏஎன்பி (ஏட்ரியல் நேட்ரியூரெடிக் பெப்டைடு) என்ற ஹார்மோன், 28 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. இதே வகை ஹார்மோனான பிஎன்பி 1988இல் பன்றி மூளையில் கண்டறியப்பட்டாலும், அதைப் பெரிதும் சுரப்பவை இதயக் கீழறைகளே.

இந்த ஹார்மோன்கள் மனிதக் கொழுப்பைக் கரைப்பதை 2000இல் பிரான்சின் துலூஸ் ஆய்வாளர்கள் காட்டினர். கொழுப்புச் செல்லின் ஏற்பியில் ஏஎன்பி பொருந்தியதும் உள்ளே சைக்ளிக் ஜிஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு பெருகுகிறது. அதனால் தூண்டப்படும் நொதிகள், சேமிப்பிலுள்ள டிரைகிளிசரைடைக் கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் உடைக்கின்றன. உடற்பயிற்சியின்போது தசைகளுக்கு இந்தக் கொழுப்பு அமிலங்கள் எரிபொருளாகின்றன. வியப்பு என்னவென்றால், எலியின் கொழுப்புச் செல்களில் இவ்விளைவு ஏறக்குறைய இல்லை; மனிதர், குரங்கினங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது.

கொலஸ்ட்ராலுடன் இந்த ஹார்மோன்களின் உறவு இவ்வளவு நேரடியானதன்று. எல்டிஎல் எனும் ‘கெட்ட’ கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தாக இவை பயன்படுவதில்லை.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் இந்த ஹார்மோன்களின் அளவு குறைவு. இவற்றை அகற்றும் ஏற்பிகள் கொழுப்புத் திசுவில் நிறைந்திருப்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே பருமனானவருக்கு இதயச் செயலிழப்பு இருந்தும், அதைக் கண்டறிய உதவும் பிஎன்பி பரிசோதனை தாழ்ந்த அளவைக் காட்டக்கூடும். மருத்துவர் இதை மனத்தில் கொண்டே முடிவைப் படிக்க வேண்டும்.