லாம்பர்ட் திருப்பிய வால்வு



போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் அந்தமானிலிருந்து போன் செய்தான். அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலை. "டீச்சர், ரீபிரீதர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஒரு கார் விலை வரும். அம்மா வேணாம்னு அழுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். அவன் அம்மா எங்கள் தெருதான். எதுவும் தெரியாமல் என்ன சொல்வது? "பத்து நாள் டைம் குடுடா" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் பாதி வரலாறாக இருந்ததால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழல் வைத்து ஊதினோமே, பால் போல மாறியதே, ஞாபகம் இருக்கிறதா? ரீபிரீதர் அதே பாடம்தான். நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், விடும் மூச்சில் இன்னும் 16 சதவீதம் இருக்கிறது. சாதாரண ஸ்கூபாவில் அது குமிழியாகப் போய்விடும். ரீபிரீதரில் விட்ட மூச்சு ஒரு பைக்குள் போய், சோடா லைம் வழியாகச் சுற்றி, கார்பன் டை ஆக்சைடை இழந்து திரும்ப வாய்க்கு வருகிறது. குறைந்த ஆக்சிஜனை மட்டும் சின்ன சிலிண்டர் ஈடுகட்டும். குமிழி இல்லை, சத்தமும் குறைவு.

1878-இல் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் இப்படி ஒன்றைச் செய்தார். காஸ்டிக் பொட்டாஷில் நனைத்த கயிற்று நார்தான் அவருடைய வடிகட்டி. அடுத்த வருடம் செவர்ன் ஆற்றுக்கு அடியில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தோண்டிய சுரங்கத்தில் பெரிய ஊற்று உடைத்துக்கொண்டு வெள்ளம் நிரம்பியது. உள்ளே ஒரு இரும்புக் கதவைச் சாத்தினால்தான் தண்ணீரை இறைக்க முடியும். அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் முதலில் வழக்கமான உடையில் போனார். மேலிருந்து காற்று தரும் குழாயை அவ்வளவு தூரம் இழுத்துப்போக முடியவில்லை. 1880 நவம்பரில் ஃப்ளூஸின் கருவியைப் போட்டுக்கொண்டு, கும்மிருட்டில் சுமார் 1,000 அடி தடவித் தடவி நடந்தார். கதவருகே தண்டவாளம் குறுக்கே நின்றது. ஒன்றைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். மறுபடி போய் இன்னொன்றையும் கழற்றிக் கதவைச் சாத்தி, சொன்ன எண்ணிக்கைப்படி ஒரு வால்வையும் திருகிவிட்டு வந்தார்.

தண்ணீர் வடிந்தபின் பார்த்தால், அந்த வால்வு இடது மரை போட்டது. ஏற்கெனவே மூடித்தான் இருந்திருக்கிறது. மூடுவதாக நினைத்து அவர் திறந்துவிட்டிருக்கிறார்! கருவி சரியாக வேலை செய்தது, மனிதரும் சொன்னதைச் செய்தார். மரையின் பக்கத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஃப்ளூஸ் கருவி செய்த அதே 1878-இல், அழுத்தத்தில் ஆக்சிஜன் நஞ்சாகும் என்று பிரான்சில் பால் பெர்ட் புத்தகமே எழுதிவிட்டார். முக்குளிப்பவர்கள் காதில் அது விழ வெகுகாலம் ஆனது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ழாக் கூஸ்தோ ஆக்சிஜன் கருவியோடு 45 அடி ஆழத்தில் வலிப்பு வந்து பிழைத்தார். மறுபடி முயன்றார், மறுபடி வலிப்பு. அதை விட்டுவிட்டு 1943-இல் எமில் காஞ்ஞானோடு சேர்ந்து, அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் அக்வாலங்கைச் செய்தார். வெறும் ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது இன்றைய விதி.

கூடினால் வலிப்பு. குறைந்தால்? இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு அல்ல. சோடா லைம் அதை எடுத்துவிடுவதால், ஆக்சிஜன் தீர்ந்தாலும் உடம்பு முன்கூட்டிச் சொல்லாது. அப்படியே மயக்கம்தான்.

அதனால் ஆக்சிஜனை அளக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1968-இல் மீன் ஆய்வாளர் வால்டர் ஸ்டார்க்கும் கடலியலாளர் ஜான் கன்விஷரும் எலெக்ட்ரோலங் கொண்டுவந்தார்கள். சென்சார் அளக்க, மின்சுற்று ஆக்சிஜன் சேர்க்கும். 1997-இல் பிரிட்டனில் வந்த இன்ஸ்பிரேஷன் அதைப் பலர் கைக்கும் கொண்டுபோனது.

பத்து நாள் கழித்து நானே கூப்பிட்டேன். "எத்தனை சென்சார்?" "மூணு டீச்சர். ஒண்ணு தப்பாக் காட்டினா மத்த ரெண்டும் சேர்ந்து ஒதுக்கிடும்." "மூணையும் ஒரே நாள்ல வாங்கினியானா ரெண்டு ஒண்ணாவே கிழடாகி, நல்லா இருக்கிற ஒண்ணை ஒதுக்கினா?" சிறிது நேரம் பதில் இல்லை. தானாகச் சேர்க்கும் கருவியா, கையால் பட்டன் அழுத்திச் சேர்க்கும் கருவியா என்பதுதான் அவன் குழப்பம். கையால் சேர்ப்பதில் அடிக்கடி மீட்டரைப் பார்த்தே ஆகவேண்டும், எனக்கு அது பிடித்தது. அவனுக்குத் தானியங்கிதான் பிடித்திருக்கிறது. கடலில் இறங்கப்போவது அவன்தானே, விட்டுவிட்டேன்.

ஆனால் மற்றதைக் கேட்காமல் விடவில்லை. சோடா லைம் தீவுக்கு எப்படி வரும்? சுத்த ஆக்சிஜன் எங்கே நிரப்புவாய்? கெட்டுப்போனால் யார் பழுது பார்ப்பார்? கருவி கைவிட்டால் மேலே வர, தனிக் காற்று சிலிண்டர் கூட இருக்குமா? உன்னோடு வருகிறவர்களின் சிலிண்டர் முக்கால் மணியில் தீரும்போது உனக்கு மூன்று மணி நேரம் எதற்கு?

கடைசிக் கேள்விக்குத்தான் மனசைத் திறந்தான். லீவு நாளில் மீன்களைப் படம் எடுக்கவாம். குமிழி சத்தத்துக்கு ஓடிவிடுகின்றனவாம்.

இப்போதைக்கு வாங்கவில்லை. வாடகைக் கருவியில் பயிற்சி முடித்துவிட்டு, அதே மாடலைத்தான் வாங்குவானாம். அவன் அம்மாவிடம் அதுவரை சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் அவர்கள் பாடு. நேற்று, இறங்குமுன் பார்க்கவேண்டியவற்றை நோட்டில் எழுதிப் படம் அனுப்பினான். ஒவ்வொரு சென்சாருக்கும் எதிரில் வாங்கிய தேதிக்கு இடம் விட்டிருக்கிறான். முதல் வரி: "சிலிண்டர் வால்வு, இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். கையால் தொட்டுப் பார். லாம்பர்ட்." 'சிலிண்டர்' என்பதில் ஒரு புள்ளியை விட்டிருந்தான், திருத்தி அனுப்பினேன்.