பேசக் கற்பித்த வரலாறு

புறநானூற்றின் 28-ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது. மக்கட்பிறப்பில் நேரக்கூடிய எட்டு வகைக் குறைகளை அப்புலவர் அதில் அடுக்கிச் சொல்கிறார். கூன், குறள் என வரும் அவ்வரிசையில் ஊமும் செவிடும் அருகருகே நிற்கின்றன. ஆயினும் இரண்டாகவே எண்ணப்பட்டுள்ளன. மாணவர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறவியிலேயே காது கேளாத குழந்தை பேசாதிருப்பது பெரும்பாலும் அதன் நாவில் குறை இருப்பதனால் அன்று. பேச்சு என ஒன்று உண்டு என்பதையே அது செவியால் அறிந்ததில்லை. ஒன்று காரணம், மற்றொன்று விளைவு. புலவரை நாம் குறை கூறுதற்கில்லை. இவ்வுண்மையை உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

இதில் ஒரு வியப்பும் உண்டு. ஒலி எங்ஙனம் பிறக்கிறது என்பதை நம் முன்னோர் மிக நுட்பமாக அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாவதை விளக்குகிறது. இன்று பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் குழந்தையைக் கண்ணாடியின் முன் அமர்த்தி, நுனிநா எங்கே பொருந்த வேண்டும், இதழ் எப்பொழுது குவிய வேண்டும் என்று காட்டுவதும் இதே அறிவைக் கொண்டுதான். ஆனால் பிறப்பியல் பேசத் தெரிந்தவனுக்கு இலக்கணம் கூற எழுந்த நூற்பகுதி. பேச்சு வாராத குழந்தைக்கென எழுந்தது அன்று.

மேனாட்டிலும் தொடக்கம் சிறிதுதான். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி பெத்ரோ போன்ஸ், பிரபுக்கள் குடும்பத்தைச் சேர்ந்த செவிப்புலனற்ற சிறுவர்களுக்குப் பேசக் கற்பித்தார். 1620-இல் ஹுவான் பாப்லோ போனெட் என்பவரின் நூல் மத்ரீதில் அச்சாயிற்று. 1760-ஐ ஒட்டிப் பாரிசில் லெப்பே பாதிரியார், ஏழைச் சிறுவரையும் சேர்த்துக்கொண்டு சைகையின் வழியே கல்வி புகட்டினார். 1778-இல் லைப்சிக் நகரில் பள்ளி கண்ட ஹைனிக்கேயோ வாய்மொழி ஒன்றே வழி என்றார். இவ்விருவரும் கடிதங்களில் பூசலிட்டனர். 1880-இல் மிலான் மாநாடு வாய்மொழியின் பக்கம் தீர்ப்புக் கூறி, வகுப்பறையிலிருந்து சைகையை விலக்கியது. அம்மாநாட்டில் செவிப்புலனற்றோரின் குரலுக்கு ஏறக்குறைய இடமே இருக்கவில்லை. என் கருத்தில் அது கொடுமையான முடிவு. 130 ஆண்டுகள் கழித்து, 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடு அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. அதற்குள் எத்தனை தலைமுறைகள் கைகளைக் கட்டிக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருந்தன!

நம் நாட்டில் 1880-களில் பம்பாயிலும், 1890-களில் கல்கத்தாவிலும் பள்ளிகள் தோன்றின. அந்நூற்றாண்டு முடியுமுன் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழகத்துக்கு வழிகாட்டியாயிற்று. இவையெல்லாம் அரும்பணிகள். எனினும் பள்ளி என்றால் பள்ளி வயது என்பதே அக்கால வழக்கு. ஐந்து, ஆறு வயதில், சில வேளை அதற்கும் பின்னர், குழந்தை வந்து சேர்ந்தது. பேச்சுக்குரிய பருவமோ அதற்குள் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

இதனை முதலிலேயே உணர்ந்து செயற்பட்டவர்களுள் லூயிஸ் டிரேசி அம்மையார் ஒருவர். திரைப்பட நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவியாகிய அவர், கேளாத மகனைத் தாமே பயிற்றிய அனுபவத்தால் 1942-இல் லாஸ் ஏஞ்சலிசில் ஒரு நிலையம் நிறுவினார். அங்கே மாணவர் குழந்தை மட்டும் அல்லர். தாயும் தந்தையுமே முதல் மாணவர். தொலைவில் வாழும் பெற்றோருக்குப் பாடங்கள் அஞ்சலில் சென்றன. இந்தியாவில் 1965-இல் மைசூரில் அனைத்திந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் எழுந்து, இத்துறைக்குப் பயிற்சி பெற்றோரை உருவாக்கலாயிற்று. சென்னையில் சரஸ்வதி நாராயணசாமி, வள்ளி அண்ணாமலை ஆகிய இருவரின் முயற்சியால் 1969-இல் தோன்றிய பால வித்யாலயா, நடை பயிலும் பருவத்துக் குழந்தைகளையே ஏற்றது. வீட்டார் ஒருவர் உடனிருந்து கற்றலும் அங்கே வேண்டப்பட்டது.

எவ்வளவு விரைவாக? இதற்கு விஞ்ஞானம் பின்னர் விடை கூறியது. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப், நலமான உட்செவி தானே மிக நுண்ணிய ஒலியைத் திருப்பி எழுப்புவதைக் கண்டறிந்தார். அதனால் உறங்கும் சிசுவின் காதில் சிறு கருவியைப் பொருத்தி, பிறந்த ஓரிரு நாளிலேயே சோதிக்க முடிகிறது. 1998-இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து யோஷினாகா-இடானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டோரைவிட மொழியில் முந்தி நின்றதைக் காட்டியது. கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ஒலியெழுப்பி விளையாடும். பெற்றோர் ஏமாறுவது இதனால்தான். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று பாட்டி தேற்றும் ஒரு சொல்லில் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிடும்.

இனி நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கு வருவோம். 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடியும் தனித்தது. இப்பிரிவினைகளை ஆட்சிப் பலகை மாற்றம் என்று எண்ணிவிடலாகாது. மாவட்டத் தலைமை மருத்துவமனை எங்கே அமைகிறதோ, அங்கேதான் செவிச்சோதனையும் அமைகிறது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண் ஒருபுறம். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலையும் மறுபுறம். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ களையெடுக்கச் செல்லும் தாய்க்குத் திருச்சிப் பயணம் என்பது ஒரு நாட்கூலியின் இழப்பு. பேச்சுப் பயிற்சியோ ஒரு நாளில் முடிவதன்று. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் நடப்பது.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் இவ்விடரை ஓரளவு எதிர்கொள்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் சென்று சோதிக்க வேண்டும். மாவட்ட இடையீட்டு மையத்தில் செவியியல், பேச்சுப் பயிற்சி வல்லுநர் இருக்க வேண்டும் என்பது அதன் வகுப்பு. 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவையும் இடம்பெற்றுள்ளது. ஆனால் கருவி பேச்சைத் தருவதில்லை. கேட்பதற்கு வழி திறக்கிறது, அவ்வளவே. மூளைவாதம் உற்ற குழந்தைக்கோ பயிற்சி பேச்சில் தொடங்குவதுகூட இல்லை. முதலில் விழுங்கவும் மெல்லவும் கற்பிக்கிறார்கள். உண்ணும் வாயும் பேசும் வாயும் ஒன்றன்றோ!

மற்றொன்றையும் மறைக்காது கூறுதல் வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும் நம் வழக்கம் பிறவிச் செவிக்குறையின் வாய்ப்பைக் கூட்டுகிறது. சைகை மொழியைக் கற்பித்தால் குழந்தை பேசாது போய்விடும் என்ற அச்சமும் இன்னும் நீங்கவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியையும் தொடர்பு மொழியாக ஏற்றுள்ளது.

வாரத்தில் ஓரிரு மணி நேரமே பயிற்சியாளருடையது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டாருடையது. டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்த எளிய சோதனை ஒன்றைப் பயிற்சியாளர்கள் தாய்மாருக்குச் சொல்லித் தருகிறார்கள். குழந்தை உதட்டைப் பார்க்காதவாறு தாய் தன் வாயை மறைத்துக்கொள்வாள். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாக, இடைவிட்டு ஒலிப்பாள். ஒவ்வோர் ஒலிக்கும் குழந்தை ஒரு கட்டையைக் கிண்ணத்தில் இட வேண்டும். முதல் நாட்களில் கட்டை கையிலேயே இருக்கும். தாய் மறுநாளும் அமர்கிறாள்.