கிணற்றில் குதித்த துறவியும் எட்டு எண்ணங்களும்



லெந்து கால வேதபாடத்தில் மத்தேயு 4-ஆம் அதிகாரம் வாசித்து முடித்தபோது ஒரு தம்பி கேட்டார்: "சார், பாவத்துக்கு இழுக்கிற சோதனை பார்த்தவுடனே தெரிஞ்சுடும். ஜெபம் பண்ணும்போது ஜெபத்துக்குள்ளேயே வருகிற சோதனையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நல்ல கேள்வி. இதே கேள்வியை ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்து வனாந்தரத்தில் சிலர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டார்கள். அவர்கள் கதையைச் சொல்கிறேன். பதிவு நீளம்தான். டீ போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அந்தோனியாரிலிருந்து தொடங்கவேண்டும். நம் பக்கத்தில் அந்தோனியார் என்றாலே உவரிதான் நினைவுக்கு வரும். அவர் பதுவை அந்தோனியார், 13-ஆம் நூற்றாண்டுக்காரர். நான் சொல்வது அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எகிப்தியர். கத்தோலிக்க சகோதரர்கள் வனத்து அந்தோனியார் என்பார்கள். வசதியுள்ள விவசாயக் குடும்பம். ஆலயத்தில் மத்தேயு 19-ஆம் அதிகாரம் வாசிக்கக் கேட்டு, உள்ளதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வனாந்தரத்துக்குப் போனவர். 356-இல் மரித்தார். அவருடைய சரித்திரத்தை அலெக்சந்திரியா பேராயர் அத்தனாசியார் எழுதினார். அதை வாசித்தவர்கள் கூட்டங்கூட்டமாக வனாந்தரத்துக்குப் புறப்பட்டார்கள்.

அப்படிப் போனவர்கள் குடியேறிய இடங்களில் முக்கியமானவை மூன்று. நைல் முகத்துவாரப் பகுதியை ஒட்டி நித்திரியா, அதற்கு அப்பால் பாலைக்குள் கெல்லியா, இன்னும் உள்ளே ஸ்கேத்தே. கெல்லியா என்றால் 'அறைகள்' என்று பொருள். நித்திரியாவில் மட்டும் 5000 பேர் இருந்ததாக அங்கே போய்த் தங்கிய பல்லாதியுஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஏழு ரொட்டிச் சாலைகள், ஒரு பெரிய ஆலயம், விருந்தினர் விடுதி எல்லாம் உண்டு. விருந்தாளி ஒரு வாரம் சும்மா இருக்கலாம், அதற்குமேல் தங்கினால் தோட்டத்திலோ அடுப்படியிலோ வேலை செய்யவேண்டும். (நம் வீடுகளிலும் இந்தச் சட்டம் கொண்டு வரலாம்!) ஆலயத்தின் பக்கத்தில் மூன்று பேரீச்ச மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாட்டை தொங்கும். ஒன்று தவறு செய்த துறவிக்கு, ஒன்று திருடனுக்கு, ஒன்று வம்பு செய்யும் விருந்தாளிக்கு. பரிசுத்தவான்கள் கூடிய இடம் என்றாலும் மனுஷர்தானே என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இனி ஏரோன் என்ற முதியவரின் கதை. இதைக் காசியன் என்பவர் எழுதியிருக்கிறார். காசியன் இளவயதில் அந்த வனாந்தரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஏரோன் 50 ஆண்டுகள் வனாந்தரத்தில் கடும் விரதத்தோடு இருந்தார். ஈஸ்டர் பண்டிகையன்று எல்லாத் துறவிகளும் ஆலயத்தில் கூடி ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இவர் மட்டும் சேரமாட்டார். அன்றைக்குக் கொஞ்சம் பருப்போ காயோ சேர்ந்தால் தம் விரதம் தளர்ந்துபோகும் என்பது அவர் எண்ணம். மூத்தவர்களிடம் யோசனை கேட்பதும் கிடையாது. ஒருநாள் ஒளி வீசும் தூதன் ஒருவன் அவருக்குத் தோன்றினான். இவ்வளவு புண்ணியம் செய்த உனக்கு இனி எந்த ஆபத்தும் நேராது, வேண்டுமானால் கிணற்றில் குதித்துப் பார் என்ற எண்ணத்தை உண்டாக்கினான். நடுராத்திரியில், அடிதெரியாத கிணற்றில் ஏரோன் குதித்தார். மற்றவர்கள் படாத பாடுபட்டு அரை உயிராக மேலே தூக்கினார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். அதைவிடத் துக்கம், அந்தக் கடைசி நாட்களிலும் தாம் ஏமாற்றப்பட்டதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. தற்கொலை செய்தவராக அவரை ஒதுக்கிவிடாமல் இருக்க மூத்தவர் பப்நூத்தியுஸ் மிகவும் இரங்க வேண்டியிருந்தது.

இங்கே சற்று நில்லுங்கள். மத்தேயு 4-இல் இரண்டாவது சோதனை என்ன? தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதி என்பதுதான். சாத்தான் அங்கே கையில் எடுத்தது 91-ஆம் சங்கீதம், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற இடம். ஏரோனுக்கு வந்தது அதே சோதனை. உப்பரிகைக்குப் பதில் கிணறு, அவ்வளவுதான். ஐம்பது வருஷம் வேதத்தோடு வாழ்ந்தவருக்கு அது அடையாளம் தெரியவில்லையே என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். பசியும் தாகமும் அவரை வீழ்த்தவில்லை, பெண்ணும் பொன்னும் வீழ்த்தவில்லை. பக்தி வீழ்த்தியது. தனியாக வைத்துக்கொண்ட பக்தி என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். என்னிடம் படித்த ஒரு பையன், நல்ல பையன், உபவாச ஜெபத்தில் தனக்கு ஒரு சத்தம் கேட்டதென்று சர்க்கரை வியாதிக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டான். வீட்டாரிடம் சொல்லவில்லை, தன் சபை போதகரிடமும் கேட்கவில்லை. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். பிழைத்துக்கொண்டான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் கால் விரல் இரண்டு போய்விட்டது. அவனைப் பார்க்கப் போனபோது அவன் அம்மா என்னிடம் ஒன்றும் பேசவில்லை, அழவும் இல்லை. ஏரோன் கதையை அன்றைக்கு நான் அங்கே சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வார்டு பாடம் நடத்துகிற இடமல்ல.

வனாந்தரத்துப் பெரியவர்கள் இந்த ஆபத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். வாலென்ஸ் என்று ஒருவர். இவர் கதையைப் பல்லாதியுஸ் எழுதியிருக்கிறார். தேவதூதர்கள் தம்மோடு பேசுவதாகப் பெருமை கொண்டவர். ஒரு ராத்திரி தீப்பந்தம் ஏந்திய ஆயிரம் தூதர்களும் நடுவில் கிறிஸ்துவுமாகத் தரிசனம் வந்தது. விழுந்து பணிந்தார். மறுநாள் ஆலயத்தில் எல்லார் முன்னாலும், எனக்கு இனி இராப்போஜனம் வேண்டாம், நான் இன்று கிறிஸ்துவையே கண்டுவிட்டேன் என்றார். பெரியவர்கள் அவரை ஒரு வருஷம் கட்டிவைத்து, ஜெபித்து, சாதாரண மனுஷன் போல வாழவைத்துத்தான் குணமாக்கினார்கள். கட்டிவைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர்கள் கண்ட குறி எது என்று பாருங்கள். சபையோடு சேர்ந்து அப்பம் பிட்க இனித் தேவையில்லை என்று எந்தத் தரிசனம் சொல்லுகிறதோ, அதை அவர்கள் அந்த இடத்திலேயே சந்தேகித்தார்கள்.

இதற்கு நேர்மாறான இன்னொரு கதையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துறவிக்கு முன் பிசாசு ஒளியின் தூதனாக வந்து, நான் காபிரியேல், உன்னிடம் அனுப்பப்பட்டேன் என்றது. துறவி அமைதியாக, வேறு யாரிடமோ அனுப்பப்பட்டிருப்பீர், விலாசம் மாறி வந்துவிட்டீர் போல, தூதன் வந்து பார்க்கிற அளவுக்கு நான் தகுதியுள்ளவன் அல்ல என்கிற மாதிரி பதில் சொன்னார். தூதன் மறைந்துபோனான். பேயோட்டும் ஜெபம் இல்லை, சத்தம் இல்லை, எண்ணெய் இல்லை. தாழ்மை ஒன்றே போதுமாயிருந்தது.

இந்த அனுபவங்களையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்து ஒரு பாடமாக ஆக்கியவர் எவாக்ரியுஸ். இவர் இப்போதைய துருக்கியின் வடபகுதியான பொந்து நாட்டில் 345-ஐ ஒட்டிப் பிறந்தவர். பெரிய படிப்பாளி. நசியான்சுஸ் ஊர் கிரகோரியார் இவரை உதவிக்குருவாக அபிஷேகம் செய்தார். கான்ஸ்டான்டிநோபிள் நகரில் நன்றாகப் பேசும் இளைஞராகப் பெயர் எடுத்தார். அங்கே ஒரு அதிகாரியின் மனைவியோடு மனம் சிக்கிக்கொண்டது. ஒரு கனவு கண்டு பயந்து எருசலேமுக்குக் கப்பல் ஏறினார். அங்கும் நல்ல உடுப்பும் வாய்ச்சாலகமும் அவரை விடவில்லை. பிறகு காய்ச்சல் வந்து ஆறு மாதம் படுத்தார். ஒலிவமலையில் மடம் வைத்திருந்த மெலானியா என்ற அம்மையார்தான், வைத்தியர்கள் கைவிட்ட நோயின் வேர் எது என்று அவரிடமே கேட்டு, மனதைத் திறக்க வைத்தார். எவாக்ரியுஸ் எழுந்து எகிப்துக்குப் போனார். நித்திரியாவில் இரண்டு ஆண்டு, கெல்லியாவில் பதினான்கு ஆண்டு. ஏட்டுப் பிரதி எழுதிப் பிழைத்தார். நாளுக்கு ஒரு ராத்தல் ரொட்டியும் கொஞ்சம் எண்ணெயும் தின்று வயிறு கெட்டுப்போய், கடைசியில் கஞ்சிதான். பேராயர் தெயோபிலுஸ் இவரை ஆயராக்கப் பார்த்தபோது தப்பி ஓடினார். 399-இல் மரித்தார்.

மனுஷனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்று அவர் வகுத்தார்: பெருந்தீனி, காமம், பணஆசை, துக்கம், கோபம், மனச்சலிப்பு, வீண்புகழ், பெருமை. 'பாவங்கள்' என்று சொல்லாமல் 'எண்ணங்கள்' என்றார். எண்ணம் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அது உள்ளே தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவர் போதனை. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவன் என்ற முறையில் இந்த வித்தியாசம் எனக்கு உடனே புரிந்தது. பையன் மனதில் வந்துபோகிற குறும்புக்கு யாராவது பிரம்பை எடுப்பார்களா?

வரிசையில் கடைசி இரண்டையும் கவனியுங்கள். முதல் ஆறும் ஒருவழியாக அடங்கிய பிறகே வீண்புகழ் வருகிறது. அதன் வேலையை எவாக்ரியுஸ் படம்போல் காட்டுகிறார். துறவி தன் அறையில் தனியே இருக்கிறார். மனக்கண்ணில் பேய்கள் அலறி ஓடுகின்றன, நோயாளிகள் சுகமாகிறார்கள், ஜனங்கள் அவருடைய அங்கியைத் தொடக் கூட்டமாக நெருக்குகிறார்கள், அவர் மறுத்தும் கேளாமல் கட்டி இழுத்துப்போய் குருவாக்குகிறார்கள். அறையில் இருப்பது ஒரு பாயும் தண்ணீர்ச் சாடியும் மட்டும். யூடியூபும் சுவரொட்டியும் இல்லாத காலத்தில் எழுதியது இது! ஜெபத்தைப் பற்றி எழுதும்போதும், தூதர்களையோ கிறிஸ்துவையோ கண்ணால் காண ஆசைப்படாதே, ஓநாயை மேய்ப்பன் என்று எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்ற கருத்தில் கண்டிப்பாக எச்சரிக்கிறார்.

மனச்சலிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை அது தாக்கும். சூரியன் நகரவே மாட்டேன் என்று நிற்கும். துறவி ஜன்னலை எட்டிப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று வெளியே வருவார். இந்த இடம் சரியில்லை, இங்கே அன்பே இல்லை, வேறு ஊருக்குப் போனால் தேவனை நன்றாகத் தொழலாம் என்று தோன்றும். அவர்கள் இதற்கு மத்தியானப் பிசாசு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வந்ததும் 91-ஆம் சங்கீதத்திலிருந்துதான், நம் பழைய வேதாகமத்தில் 'சங்காரம்' என்று வருகிற 6-ஆம் வசனம். கிரேக்க வேதாகமத்தில் அங்கே பிசாசு என்றே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு சபை மாறுகிற நண்பர்கள் இதைக் கோபப்படாமல் வாசிக்கவேண்டும். ரிட்டயர் ஆன என்னைப் போன்றவர்களும் வாசிக்கவேண்டும், பதினொரு மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணையிலும் சூரியன் நகருவதில்லை.

எவாக்ரியுஸ் கொடுத்த ஆயுதம் என்ன? இயேசு வனாந்தரத்தில் செய்ததுதான், வசனத்தால் பதில் சொல்வது. இதற்காகவே எட்டு பாகங்களில் ஒரு நூல் தொகுத்தார். ஒவ்வோர் எண்ணத்துக்கும் எதிராக எந்த வசனத்தைச் சொல்லவேண்டும் என்று ஏறக்குறைய 500 வசனங்கள். அவற்றோடு வருகிற குறிப்புகள் மிகவும் வீட்டுப் பாங்கானவை. வயதான காலத்தில் யார் சோறு போடுவார்கள் என்று பயப்படும் எண்ணத்துக்கு, வீட்டையும் சொந்தபந்தத்தையும் நினைத்து ஏங்கும் எண்ணத்துக்கு என்று இருக்கும்.

கதை இதோடு முடியவில்லை. 399-இல் தெயோபிலுஸ், தேவனுக்கு மனுஷ உருவம் உண்டென்று எண்ணுவது தவறு என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதைக் கேட்ட செராப்பியோன் என்ற வயோதிகத் துறவி, ஜெபத்தில் இதுவரை தாம் மனதில் கண்டுவந்த உருவம் போய்விட்டதென்று தரையில் விழுந்து, என் தேவனை எடுத்துப்போய்விட்டார்கள் என்று சிறுபிள்ளைபோல் அழுதார். காசியன் இதை நேரில் இருந்த காலத்துச் செய்தியாக எழுதுகிறார். போதனை சரிதான், ஆனால் அந்தக் கிழவரை யார் தேற்றுவது? துறவிகள் பலர் கொதித்தெழுந்தார்கள். தெயோபிலுஸ் மிரண்டு, கட்சி மாறி, 400-இல் எவாக்ரியுசின் கூட்டாளிகளையே நித்திரியாவிலிருந்து துரத்தினார். இத்தனை சோதனைகளைப் பகுத்தறிந்த இடத்தைக் கலைத்தது பிசாசல்ல, சபை அரசியல். இது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எவாக்ரியுசின் பெயரும் தப்பவில்லை. ஆத்துமா உடலுக்கு முன்பே இருந்தது என்பதுபோன்ற ஒரிகனின் கருத்துகளைப் பின்பற்றியதற்காக, 553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தை ஒட்டி அவர் போதனை சபிக்கப்பட்டது. அந்தக் கருத்துகளை நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுதியவற்றில் நல்லதை விட மனமில்லாத துறவிகள், ஜெபத்தைப் பற்றிய அவர் நூலை நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த 500 வசன நூலின் கிரேக்க மூலம் தொலைந்துபோய், சீரியாக், அர்மீனிய மொழிபெயர்ப்புகளில் பிழைத்தது.

காசியன் தென் பிரான்சில் மார்செய் நகருக்குப் போய், எட்டு எண்ணங்களையும் லத்தீனில் எழுதினார். எவாக்ரியுசின் பெயரை எங்கும் சொல்லவில்லை. பெனடிக்ட் தம் மடங்களில் இரவுதோறும் காசியனை வாசிக்கச் சொன்னார். 590 முதல் 604 வரை ரோமாபுரியில் போப்பாக இருந்த கிரகோரியார் பெருமையை வேராக வைத்து, பொறாமையைச் சேர்த்து, பட்டியலை ஏழாக்கினார். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழு, அகங்காரம், கோபம், மோகம், லோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல், எல்லாம் அந்தக் கெல்லியா அறையிலிருந்து புறப்பட்டவைதான். வழியில் மனச்சலிப்பு வெறும் 'சோம்பல்' ஆகிவிட்டது. அது ஒரு நஷ்டம். சுறுசுறுப்பாக ஊர் ஊராக ஓடுகிறவனுக்கும் மனச்சலிப்பு இருக்கலாம் என்பது அந்தச் சொல்லில் தெரியாது.

கெல்லியா மணலில் மூழ்கி மறந்துபோயிற்று. 1964-இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் அதை அடையாளம் கண்டார். சுமார் 1500 குடியிருப்புகளின் தடயங்கள். பாசன நிலம் பெருகப் பெருக அவற்றில் பல அழிந்துவிட்டன. பல வீடுகளில் கிழக்குச் சுவரில் ஜெபத்துக்கென்று ஒரு மாடம், அதில் வர்ணம் தீட்டிய சிலுவை. அருகிலேயே கிணறும் இருந்தது.